திங்கட்கிழமை வயிற்றுவலி: குழந்தைகள் மீதான வன்முறையை எப்படி அடையாளம் காண்பது?

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தச் சிறுமிக்கு வயிறு வலித்தது. ஐந்தாம் வகுப்பில் படித்துவந்தாள். கூலி வேலைக்குச் செல்லும் அவளுடைய தாய், பள்ளிக்குப் போகாமலிருக்கவே மகள் பொய் சொல்கிறாள் என்றெண்ணி முதலில் அதட்டினார், பிறகு அடித்தார். திங்கட்கிழமைகளில் பள்ளிக் கழிப்பறையைக் கழுவும் முறை சேரிப் பிள்ளைகளுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது பல வாரங்கள் கழித்தே தெரியவந்தது. நாங்கள் சந்தித்தபோது அந்தத் தாய் பள்ளியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "எம்புள்ளைய நானும் அடிச்சுட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அச்சிறுமி தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சுற்றியிருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க விரும்பும் நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, மனரீதியான வன்முறை, புறக்கணிப்பு என இதனை நான்காக வகைப்படுத்துவது வழக்கம். காரணம் கூற இயலாத காயங்கள், குறிப்பிட்ட ஒருவரையோ இடத்தையோ கண்டு அஞ்சுதல், திடீரென்று படிப்பில் பின்தங்குதல், உறக்கத்தில் அலறுதல், மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்குதல், வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள், அடிக்கடி வரும் தலைவலியும் வயிற்றுவலியும் ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுள் ஒன்று மட்டும் எதையும் மெய்ப்பித்துவிடாது. ஆனால் ஒரே நாளில், ஒரே இடத்தை ஒட்டி அறிகுறி மீண்டும் மீண்டும் தோன்றினால் அதன் காரணத்தைத் தேடுவது நமது கடமை. ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். குற்றமிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள்.

தலித் குழந்தைகளைப் பொறுத்தவரை வன்முறையோடு சாதியும் சேர்ந்தே வருகிறது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே, அரசுத் தொடக்கப் பள்ளியொன்றில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். இத்தகைய செயலைப் பலரும் 'ஒழுக்கப் பயிற்சி' என்று நியாயப்படுத்துகின்றனர். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரைத் துப்புரவுப் பணி செய்யக் கட்டாயப்படுத்துவது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கிறது. பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ அதைச் செய்தால் தண்டனை ஐந்தாண்டு வரை உயரும்.

புறக்கணிப்பு குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தை அழுக்குச் சட்டையுடன் வருவதும், காலை உணவின்றி வருவதும் வறுமையின் அடையாளங்கள். அவற்றைப் பெற்றோரின் குற்றமாக்குவது ஒடுக்கப்பட்டோரை மீண்டும் தண்டிப்பதாகும். குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டமே கூறுகிறது. அத்தகைய குடும்பத்துக்குத் தேவை உதவியே, வழக்கன்று.

ஐயம் எழுந்தால் என்ன செய்வது? முதலில் குழந்தையை நம்புங்கள். "உன்மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள். சொன்னதை அதே சொற்களில் எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், பலர் முன்னிலையில் மீண்டும் சொல்ல வைக்காதீர்கள். 1098 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். காவலர் சீருடையில் வரக்கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பெயரையோ படத்தையோ சமூக ஊடகத்தில் பகிர்வது, நியாயம் கேட்கும் நோக்கத்தோடு செய்தாலும், குற்றமே.

பாதிக்கப்பட்டவர் தலித் குழந்தை, குற்றம் சாட்டப்பட்டவர் தலித் அல்லாதவர் எனில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கக் கோருங்கள். பதிவு செய்வதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை அச்சட்டத்தின் 18ஏ பிரிவு தெளிவாக்குகிறது. தீருதவித் தொகையும் சாட்சிகளுக்கான பாதுகாப்பும் கோரிப் பெற வேண்டிய உரிமைகள்.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "பெண் பிள்ளையின் எதிர்காலம்" என்று தொடங்கி ஒரு தொகையில் முடிப்பார்கள். ராஜஸ்தானில் மாணவியொருவருக்கு ஆசிரியர் இழைத்ததாகக் கூறப்பட்ட பாலியல் வன்முறை வழக்கை, தந்தையுடன் ஏற்பட்ட சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, வழக்கு தொடர வழி செய்தது. இதைக் குடும்பத்தினரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மிரட்டல் வந்தபின் சொன்னால் பயன் குறைவு.

தடுப்பு என்பது பள்ளி நிர்வாகத்தில் நமது மக்கள் அமர்வதிலிருந்து தொடங்குகிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நாங்குநேரித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடை செய்வது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. அவை நடைமுறைக்கு வந்தனவா என்று கேட்கும் இடமும் அக்குழுக் கூட்டமே.

உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்கு மாணவத் தோழர்கள் பெற்றோருடன் செல்லுங்கள். இப்பள்ளியின் கழிப்பறையைக் கழுவுவது யார், அதற்கான ஊதியம் யாருக்குச் செல்கிறது என்று கேளுங்கள். விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.