தானாக விழுந்தேன் என்று சொல்லாதீர்கள்

பணியில் இருந்த மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “எப்படி அடிபட்டது?”

“சைக்கிள்ல போகும்போது நானாதான் விழுந்துட்டேன் டாக்டர்.”

அது பொய். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சரக்கு வேன் என் வலது கைப்பிடியை உரசித் தள்ளியது. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. வேன் ஓட்டிய பையன் ஓடிவிடவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்து, அதே வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தான். வழி முழுக்க, “ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்ண்ணே” என்று அழுதான். அவன் அழுததும் உண்மை, எனக்கு இரக்கம் வந்ததும் உண்மை. ஆனால் நான் சொன்னதை மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ‘ஏ.ஆர். காப்பி’ என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஒரு வரி அதற்குப் பிறகு மாறவே இல்லை.

தகடு வைத்து அறுவைச் சிகிச்சை, ஐந்து மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பு, கைக்குப் பயிற்சி. செலவு முழுவதும் என்னுடையது. பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, “ஏ.ஆர்.ல என்ன சொன்னீங்க?” நான் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

சைக்கிளில் போகிற பெரும்பாலோர் மனத்தில் ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது: சைக்கிளுக்கு ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லை. அதனால் அடிபட்டால் கேட்க நமக்கு வழியும் இல்லை. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அது முழுத் தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. அதனால் காப்பீடு எடுக்கும் கடமை நம் மீது இல்லை. நம்மை மோதும் வண்டிக்கு அந்தக் கடமை உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த மோட்டார் வாகனமும் சாலைக்கு வரக்கூடாது என்கிறது 146ஆம் பிரிவு. அந்த மூன்றாம் நபர் நாம்தான். இழப்பீட்டைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் கட்டுமே தவிர, அழுதுகொண்டு நின்ற அந்தப் பையன் கட்டப்போவதில்லை. அவன் மீது காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் காவல் துறைக்குத் தகவல் சொல்வதும் ஓட்டுநரின் கடமை என்று அதே சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையில் முதல் பாதியை அவன் செய்தான். இரண்டாம் பாதியை நடக்கவிடாமல் செய்தது என் பொய்.

இப்போது மறுபடியும் ஓட்டுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் தொண்ணூறு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு இப்படி ஒரு தூரத்துக்கு உடம்பைத் திருப்பிக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது மூச்சைப் பற்றியல்ல, முட்டியைப் பற்றி. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநார்களும் மூட்டும் அவ்வளவு வேகமாகத் தேறுவதில்லை. மூன்றாவது நான்காவது வாரத்தில் ‘நமக்குப் பழைய பலம் வந்துவிட்டது’ என்று தோன்றும். முட்டி வலி வருவது அந்த நேரத்தில்தான். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு போலக் கூட்டினால் போதும். நான் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை காலை நேரத்தில் போய்வருவதில் தொடங்கினேன். சிதம்பரம் போகும் ரயில் பாதை நெடுஞ்சாலையை விட்டு அதிகம் விலகாமல் கூடவே வருகிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று அந்த நிலையங்களையே ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லையாக வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் வலியில்லாமல் முடிந்த பிறகுதான் அடுத்தது.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். வாடகைச் சைக்கிளில் பழகிய நம் தலைமுறைக்கு, கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்ற பழக்கம் போகவில்லை. குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கினால் கால் நீண்டு நிற்க வேண்டும். அந்த உயரம் சரி. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியும் முட்டியில் இறங்கும். பழைய வண்டியைப் பரணிலிருந்து இறக்குகிறவர்கள் ஓவராயிலிங் செய்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளை மாற்றிய பிறகுதான் நெடுஞ்சாலையைத் தொட வேண்டும். டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், தொடங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, தலைசுற்றல் எதுவானாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் ஆளைக் கொல்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு முதல் மாத்திரைகளைக் கிராமத்துச் சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. போகும் பாதையில் அப்படிப்பட்ட நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் உடம்பை முறித்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மறுநாள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் எதுவும் சரி. வீட்டிலேயே கலப்பதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை நோயாளிகளும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் இந்தச் சாலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் கடலூருக்கு என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தையும் மாசியும்தான் நல்ல காலம். அப்போதும் ஒரு கணக்கு உண்டு. அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். சிதம்பரம் போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும், ‘எவ்வளவு சுலபமாக வந்துவிட்டோம்’ என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் நிற்கும். களைத்த உடம்போடு, வெயில் ஏறிய பிறகு, எதிர்க்காற்றில் 45 கிலோமீட்டர். பலத்தில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கென்று மிச்சம் வைக்க வேண்டும். களைத்தவன் நேர்கோட்டில் ஓட்டுவதில்லை, சாலைக்குள் தள்ளாடி வருகிறான். உடற்பயிற்சியை நான் பாதுகாப்புக் கருவியாகப் பார்ப்பது இதனால்தான்.

புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 32 அகலமாகிக்கொண்டே வருகிறது. அகலமான சாலையில் வேகம் கூடுகிறது. நடுத்தடுப்பில் திரும்பும் இடம் தூரத்தில் இருப்பதால் எதிர்த்திசையிலேயே மிதித்துவிடலாம் என்ற ஆசையும் வருகிறது. அது உயிருக்கு ஆபத்து, வழக்குக்கும் ஆபத்து. சைக்கிள்காரர் தவறான பக்கத்தில் வந்தார், இருட்டில் விளக்கில்லாமல் வந்தார் என்று நிரூபணமானால், விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லித் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் குறைத்துவிடலாம். நம் சிறுவயதில் டைனமோ விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் சைக்கிளைப் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். இப்போது யாரும் பிடிப்பதில்லை, ஆகவே யாரும் விளக்கும் வைப்பதில்லை. உலகெங்கும் நடக்கும் ராண்டனரிங் என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் இரவில் ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் விளக்கும் ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலாடையும் இல்லாமல் சாலையில் இறங்கக்கூடாது. அந்த விதியை நாமும் எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை. நான் அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

சரி, இத்தனையும் செய்தும் ஒரு வண்டி மோதிவிட்டது. என்ன செய்வது?

பேசமுடிந்தால் வண்டி எண்ணைச் சத்தமாகச் சொல்லி அருகில் இருப்பவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். உதவ வருகிறவர் பயந்தால் அவரிடம் சொல்லுங்கள்: நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைச் சட்டம் காக்கிறது, 2019 திருத்தம் 134ஏ என்ற பிரிவையே அதற்காகச் சேர்த்தது. பெயர் சொல்லவோ சாட்சியாக வரவோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், எந்த ஊர்க்காரர் என்பதும் வேண்டாம். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது. 2025இல் மத்திய அரசு, மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தை அறிவித்தது. ‘தானாக விழுந்தேன்’ என்று சொன்னவருக்கு இந்தக் கதவுகளும் திறப்பது கடினம்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது புகார் வந்ததற்கான ரசீது மட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். பதிய மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2022 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் காவல் துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம். கெடு ஆறு மாதம். அது கடந்துவிட்டதென்று நீங்களே முடிவு கட்டாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பணம் இல்லையென்றால் கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்? இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். 161ஆம் பிரிவின்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் போயிருக்கின்றன. கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தன் மேசைக்கு வந்த எலும்புகளைச் சேர்த்ததோடு நிற்காமல், அவை முறிந்த சாலையைக் கேள்வி கேட்ட மனிதர். அந்த வழக்கில்தான் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது: ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியாவிட்டால், இழப்பீடு கேட்க வழி இருக்கிறது என்று காவல் நிலையமே எழுத்து மூலம் அடிபட்டவருக்குச் சொல்ல வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் பள்ளம், எச்சரிக்கைப் பலகை இல்லாத வேலைக் குழி, எரியாத விளக்கு எது கண்டாலும் 1033க்குச் சொல்லுங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. சாலை அமைப்பு விதிகளை மீறி, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், ஒப்பந்ததாரரும் பொறுப்பான அமைப்பும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்று 198ஏ பிரிவு சொல்கிறது. நாம் சொன்ன தேதியும் எடுத்த படமும் பின்னால் யாரோ ஒருவரின் வழக்கில் சாட்சியாகலாம்.

போன தை மாதத்தில் ஒரு நாள் விடிவதற்கு முன் கிளம்பினேன். சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு, மேல வீதியில் ஒரு திண்ணையில் கொஞ்சம் படுத்தேன். திரும்பும்போது எதிர்க்காற்று. ஆலப்பாக்கம் வந்தபோது தோள் வலித்தது; அரை மணி நேரம் உட்கார்ந்து, மோர் குடித்து, மெதுவாக மிதித்து வந்தேன். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் பஞ்சர் சாமான்களோடு ஒரு காகிதம் இருக்கிறது. என் பெயர், ரத்த வகை, வீட்டு எண், நான் சாப்பிடும் மாத்திரைகள். அதற்குக் கீழே என் மனைவி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “வண்டி மோதியிருந்தால், மோதியது என்றே எழுதுங்கள்.”