பின்னே கொடுத்து முன்னே செல்லும் ஆட்டம்

நுழையும்முன்

கபடியில் பாடி வருபவரை எதிரணியினர் வளைத்துப் பிடிப்பதைக் காணாத தமிழ் மாணவர் இலர். உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில் எவ்வாறு பிடிக்கலாம், எப்போது விடவேண்டும் என்பதை விதிகளே வரையறுக்கின்றன. அத்தகைய ஆட்டங்களுள் உலகின் பல நாடுகளிலும் பரவியது ரக்பி. முதன்முறை காண்பவர் கண்ணுக்கு அது வெறும் மோதலாகத் தோன்றும். விதிகளையும் கலைச்சொற்களையும் அறிந்தவர்க்கு அம்மோதலுக்குள் இருக்கும் ஒழுங்கு புலப்படும்.

பள்ளியில் பிறந்த ஆட்டம்

இங்கிலாந்தின் வார்விக்சையர் பகுதியில் ரக்பி என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பள்ளியில் வளர்ந்தமையால் ஊர்ப்பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. 1823ஆம் ஆண்டு வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவர் கால்பந்தாட்டத்தின் நடுவே பந்தைக் கையில் ஏந்தி ஓடினார் என்றும், அதுவே ரக்பியின் தொடக்கம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர் மறைந்த பின்னரே பரவிய அக்கதைக்கு அக்காலச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் உலகக்கோப்பை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்று உண்டு: 1845ஆம் ஆண்டு அப்பள்ளியின் மூத்த மாணவர் மூவர் ஆட்டவிதிகளை முதன்முதலாக எழுத்தில் வடித்தனர்.

1871இல் இங்கிலாந்தில் ரக்பி கால்பந்து ஒன்றியம் தோன்றியது. அதே ஆண்டில் எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் பன்னாட்டு ஆட்டம் நடைபெற்றது. ஆட்டத்திற்காக வேலையை விட்டு வரும் தொழிலாளர்க்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்னும் வழக்கால், 1895இல் வடஇங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து சென்றன. அப்பிரிவினர் ஆட்டம் பின்னாளில் பதின்மூவர் ஆடும் ‘ரக்பி லீக்’ ஆயிற்று. பதினைவர் ஆடும் ‘ரக்பி யூனியன்’ விதிகளே இங்கு விளக்கப்படுகின்றன.

களமும் அணியும்

ஆடுகளத்தின் நீளம் 100 மீட்டரையும் அகலம் 70 மீட்டரையும் மிகுதல் கூடாது. இரு முனைகளிலும் இலக்குக்கோடுகள் உள்ளன. அவற்றின் மீது ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் கம்பங்கள் நிற்கும். கம்பங்களின் இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குச் சட்டத்தின் உயரம் 3 மீட்டர். பந்து முட்டை வடிவினது. எடை 410 முதல் 460 கிராம் வரை. உருண்டைப் பந்தைப் போலன்றித் தரையில் பட்டால் எப்பக்கம் துள்ளும் என்று கணிக்க இயலாதது.

அணியில் 15 பேர். 1 முதல் 8 வரை எண்ணுடையோர் முன்வரிசையர். பந்தைப் போராடிப் பெறுவது இவர்தம் பணி. 9 முதல் 15 வரை எண்ணுடையோர் பின்வரிசையர். பெற்ற பந்தைக் கொண்டு விரைந்து முன்னேறுவது இவர்தம் பணி. ஆட்டம் 40 மணித்துளிகள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும்.

மைய விதி

பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. ரக்பியின் உயிர்நாடி இவ்விதியே. பந்தை ஏந்தி முன்னே ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். பிறர்க்குக் கையால் கொடுக்கும்போது மட்டும் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ கொடுக்க வேண்டும். பந்து கைதவறி முன்னே விழுவது ‘நாக்-ஆன்’ எனப்படும், அதுவும் பிழையே.

இவ்விதியின் விளைவு ஆழமானது. பந்துடன் ஓடுபவர் எதிரணியினரால் சூழப்பட்டால், அவருக்கு உதவக்கூடியவர் பின்னே வரும் தோழர்களே. ஆகவே பந்தில்லாதவரும் இடைவிடாது ஓடித் துணைநிற்க வேண்டும். பந்தை ஆடிய தம் தோழருக்கு முன்னே நிற்பவர் ‘ஆஃப்சைடு’ நிலையில் உள்ளார். அந்நிலையில் அவர் ஆட்டத்தில் குறுக்கிட்டால் குற்றமாகும்.

பிடியும் விடுப்பும்

பந்தை ஏந்தியவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது ‘டேக்கிள்’. வீழ்த்தியவர் உடனே பிடியை விட்டு விலக வேண்டும். வீழ்ந்தவரும் உடனே பந்தை விட வேண்டும். தரையிலுள்ள அப்பந்தின் மீது இரு அணியினரும் நின்றவாறே நெருக்கித் தள்ளுவது ‘ரக்’. அது அமைந்தபின் பந்தைக் கையால் எடுக்க முயலாது காலால் பின்னே தள்ள வேண்டும். பந்தை ஏந்தியவர் வீழாமல் நிற்க, எதிரணியினர் அவரைப் பற்ற, தோழர் ஒருவரும் அவரோடு பிணைந்தால் அது ‘மால்’. இவ்விரு சொற்களையும் பிரித்தறிய எளிய வழி: பந்து தரையில் இருந்தால் ரக்; கையில் இருந்தால் மால்.

நின்ற ஆட்டம் தொடர்தல்

நாக்-ஆன் போன்ற சிறு பிழை நேர்ந்தால் ‘ஸ்க்ரம்’ அமையும். அணிக்கு எண்மர் மூன்று வரிசைகளாகப் பிணைந்து எதிரணியினரோடு தோள் பொருத்தித் தள்ளுவர். பிழை செய்யாத அணி இடையே பந்தை இடும். நடுவில் நிற்கும் ‘ஹூக்கர்’ அதனைக் காலால் பின்னே இழுப்பார். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் ‘லைன் அவுட்’ நிகழும். இரு வரிசைகளுக்கும் நடுவே பந்து நேராக எறியப்பட, தோழர்கள் தூக்கிவிட ஒருவர் உயர்ந்து அதனைப் பற்றுவார்.

ஒவ்வொரு பிழைக்கும் நடுவர் உடனே ஊதுவதில்லை. பிழையால் பாதிக்கப்பட்ட அணி பயன்பெறும் வாய்ப்பு இருந்தால் ஆட்டத்தைத் தொடரவிடுவார். இதற்கு ‘அட்வான்டேஜ்’ என்று பெயர்.

புள்ளிகள்

எதிரணியின் இலக்குக்கோட்டின் மீதோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் அழுத்தினால் ‘டிரை’. இதற்கு 5 புள்ளிகள். முயற்சி என்பது இச்சொல்லின் பொருள். தொடக்க காலத்தில் இதற்குப் புள்ளியே இல்லை. கம்பங்களுக்கிடையே உதைக்க முயலும் உரிமையை மட்டுமே அது தந்தது. அவ்வுரிமை இன்று ‘கன்வர்ஷன்’ எனப்படும் 2 புள்ளி உதையாக நிலைக்கிறது. டிரை எடுத்த இடத்திற்கு நேரே நின்று அதனை உதைக்க வேண்டும். அதனால்தான் கோட்டைக் கடந்த வீரர், இயன்றால் கம்பங்களின் நடுப்பகுதி வரை ஓடிப் பந்தை வைக்கிறார். எதிரணியின் பெருங்குற்றத்திற்காகப் பெறும் ‘பெனால்டி’ உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு அது எழும்போது உதைக்கும் ‘டிராப் கோல்’ உதைக்கும் தனித்தனியே 3 புள்ளிகள்.

உடலைக் காக்கும் விதிகள்

ரக்பியில் கழுத்தும் தலையும் ஊறுபடும் இடர் உண்டு. அதனாலேயே விதிகள் கடுமையாக உள்ளன. தோளுக்கு மேல் பிடித்தல், பந்தில்லாதவரைப் பிடித்தல், பந்தைப் பற்றத் துள்ளியவரை அந்தரத்தில் தாக்குதல், தூக்கித் தலைகீழாக வீழ்த்துதல், ஸ்க்ரம்மை வேண்டுமென்றே சரித்தல் ஆகியன குற்றங்கள். 2013 முதல் ஸ்க்ரம்மின் முன்வரிசையினர் குனிந்து, ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட பின்னரே இணைகின்றனர். மோதும் வேகத்தைக் குறைக்கவே இம்முறை வந்தது. மூளை அதிர்ச்சி நேர்ந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தாலே வீரரை வெளியேற்ற வேண்டும்.

மஞ்சள் அட்டை பெற்றவர் 10 மணித்துளிகள் வெளியே அமர்வார். சிவப்பு அட்டை பெற்றவர் அவ்வாட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது. நடுவரின் முடிவை எதிர்த்து வாதிடும் அணிக்கு எதிராகப் பெனால்டி இடம் 10 மீட்டர் முன்னே நகர்த்தப்படும்.

பின்னே வருபவரை நம்பிப் பந்தைத் தருபவரும், வீழ்த்திய கணமே பிடியை விடுபவரும் இருப்பதாலேயே இத்துணை வலிய மோதல் ஆட்டமாக நிற்கிறது. அவர்கள் இல்லையெனில் அது வெறும் சண்டையாகும்.

தெரியுமா?

1873இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கால்பந்துக் கழகம் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. அதன் வங்கி இருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்திற்கு அளிக்கப்பட்டது. நாகவடிவக் கைப்பிடிகளும் மூடிமேல் யானையும் கொண்ட அக்கோப்பைக்காக, 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிட்டு வருகின்றன.

கற்பவை கற்றபின்

1. கபடியின் பிடிவிதிகளையும் ரக்பியின் டேக்கிள் விதிகளையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.
2. உமது ஊரில் விளையாடப்படும் ஆட்டம் ஒன்றின் விதிகளை, அறியாதவர்க்கும் விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.