ரயில் போன பிறகு அந்தத் தடம் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போய்ட்டு வரும்போது இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதனால ஒரு ரயில் கேள்வியோட ஆரம்பிக்கலாம். இந்தியாவுல முதல் ரயில் எங்க ஓடிச்சு? பம்பாய் – தானே, 1853-ன்னு உடனே சொல்லிடுவீங்க. பயணிகள் ரயில்னா அந்தப் பதில் சரிதான். ஆனா அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1837-ல, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற செங்குன்றத்துலேருந்து சிந்தாதிரிப்பேட்டை பாலம் வரைக்கும் ஒரு ரயில் பாதை இருந்தது. கட்டினவர் ஆர்தர் காட்டன், பின்னாடி கோதாவரி அணையைக் கட்டினாரே, அவரேதான். சென்னையில ரோடு போடறதுக்குக் கல் கொண்டு வரத்தான் அந்தப் பாதை. வில்லியம் ஏவரி செஞ்ச சுழல் நீராவி எஞ்சின் அதுல ஓடியிருக்கு.

இப்போ செங்குன்றம் போய் அந்தத் தடத்தைத் தேடினா கண்ணுக்குத் தெரியிற மாதிரி எதுவும் இல்லை. ரைஸ் மில், லாரி ஷெட், வீடு, கடை எல்லாம் வந்தாச்சு. தண்டவாளம் போனதுல ஆச்சரியம் இல்லை, இரும்புக்கு எப்பவுமே விலை உண்டு. தண்டவாளத்துக்கு அடியில இருந்த அந்த நீளமான நிலத்துண்டும் சேர்ந்து போயிடுச்சு. எனக்கு உறுத்துறது அதுதான்.

ரயில் நின்னுபோன பாதைகளை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏத்த தடமா மாத்துறது உலகத்துல பல இடங்கள்ல நடக்குது. இதைப் பார்க், வாக்கிங், செல்ஃபின்னு மட்டும் பார்த்தா பாதி விஷயம் விட்டுப்போயிடும். இன்னைக்கு மீதிப் பாதியைப் பேசலாம்.

முதல்ல தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம், சிங்கப்பூர். அங்க 1903-ல ரயில் வந்தது. 1923-ல ஜோகூர் பாலம் வழியா மலாயாவோட இணைஞ்சது. 1932-ல தஞ்சோங் பகார் ஸ்டேஷன் திறந்தாங்க. இந்தப் பாதையில வேலை பார்த்தவங்கள்ல தமிழர்கள் நிறைய. தண்டவாளப் பராமரிப்புல தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகள்ல யாழ்ப்பாணத் தமிழர்கள். குவீன்ஸ்டவுன்ல இருக்கிற முனீஸ்வரர் கோயிலே ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்துப் பக்கத்துல ஒரு குடிசையில வச்சுக் கும்பிட்டதுலேருந்து வளர்ந்த கோயில்தான்.

1918-ல இந்த ரயில்வே நிலத்தை மலாய் நாடுகளோட ரயில்வே நிர்வாகத்துக்கு மாத்திக் கொடுத்தாங்க. அதுல பெரும்பகுதி 999 வருஷ குத்தகை. 1965-ல சிங்கப்பூர் தனி நாடானதும், நாட்டுக்கு நடுவுல தெற்கு வடக்கா ஓடுற ஒரு நீள நிலம் மலேசிய ரயில்வே கையில இருந்தது. ஒரு இஞ்ச் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கிற நாட்டுல, அந்தத் துண்டுல மட்டும் பில்டர் யாரும் கை வைக்க முடியலை. புல்லும் மரமும் வளர்ந்து அது அப்படியே கிடந்தது. பழைய குத்தகைப் பத்திரம் ஒண்ணு தெரியாமலே ஒரு காட்டைக் காப்பாத்தியிருக்கு!

1990-ல ரெண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னே 20 வருஷம் சண்டை நடந்தது. 2010-ல லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் முடிவுக்கு வந்தாங்க. ரயில்வே நிலத்துக்குப் பதிலா மரீனா சவுத்துல 4 மனை, ஓஃபிர்–ரோச்சோர்ல 2 மனை. 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்லேருந்து கிளம்பின கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனார். மறுநாள் காலையில 24 கிலோமீட்டர் நிலம் மொத்தமா ஒரே கைக்கு வந்தது.

இதைத் துண்டு துண்டா வித்திருந்தா எவ்வளவு காசு வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா ஒப்பந்தம் அறிவிச்ச சில மாசத்துலேயே, 2010 அக்டோபர்ல, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு அறிக்கையை அரசாங்கத்துக்கிட்ட கொடுத்துச்சு. முழு நீளத்தையும் பசுமைத் தடமா வச்சுக்கணும்னு அதுல கேட்டிருந்தாங்க. கடைசி ரயில் போனதும் தண்டவாளத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் மொத்தப் பாதையையும் ஜனங்க நடக்கத் திறந்துவிட்டாங்க. கூட்டம் குவிஞ்சது. அரசாங்கம் ஒரு ஆலோசனைக் குழு அமைச்சுது, தொடர்ச்சி அறாம பாதையைக் காப்போம்னு சொல்லுச்சு. புக்கிட் திமாவுல இருக்கிற ரெண்டு பழைய இரும்புப் பாலங்களையும் பலப்படுத்தி வச்சிருக்காங்க. அந்த ஸ்டேஷனைப் புதுப்பிச்சு 2022-ல திறந்தாங்க. அதோட இந்தத் தடத்தோட ஒரு பகுதிக்கு அடியில பெரிய குடிநீர்க் குழாயும் போகுது. மேல ஆள் நடக்குறாங்க, கீழ தண்ணி ஓடுது. ஒரு நகரத்தை அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரை இணைக்கிற நிலம் கையில இருந்தா, அதுக்கு வேலை தானா வந்து சேரும்.

சரி, ரயில் தடம் ஏன் நடக்கவும் சைக்கிளுக்கும் இவ்வளவு பொருந்துது? காரணம் சாய்வு. ரயில் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. உராய்வு கம்மி, அதனாலதான் ஒரு எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்க முடியுது. அதே காரணத்தால மேடு ஏற முடியாது, சக்கரம் வழுக்கும். சமவெளியில ரயில் பாதை போடும்போது 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே அது கடுமையான ஏற்றம்னு கணக்கு. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை சுமார் 12-க்கு 1 சாய்வு. அதனாலதான் அங்க நடுவுல பல்சக்கரத் தண்டவாளம் வேண்டியிருக்கு. வேடிக்கை என்னன்னா, கட்டடங்கள்ல சக்கர நாற்காலிக்கு வைக்கிற சரிவுப் பாதைக்கு உச்ச வரம்பும் அதே 12-க்கு 1-தான். அதாவது பல் இல்லாம ரயில் ஏற முடியாத சரிவை, நாற்காலியில இருக்கிறவங்க கையால தள்ளி ஏறணும்னு எதிர்பார்க்கிறோம். ஆனா பழைய ரயில் தடத்துல அந்தப் பிரச்சினையே கிடையாது. மேடு வெட்டி, பள்ளம் நிரப்பி, வளைவை அகலமாக்கி, மழைத்தண்ணி போக மதகு கட்டி, எல்லாத்தையும் 100 வருஷம் முன்னாடியே யாரோ செஞ்சு வச்சிருக்காங்க. வயசானவங்க, குழந்தைங்க, கியர் இல்லாத சைக்கிள்ல போறவங்கன்னு எல்லாருக்கும் அது ஒத்துவரும்.

அதனால தண்டவாளத்தைக் கழட்டி மண்ணைக் கொட்டினா பாதை ரெடின்னு நினைச்சுடாதீங்க. பழைய கட்டைகள்ல ஊறின தார் எண்ணெயும், களை வளராம தெளிச்ச மருந்தும் மண்ணுல இருக்கலாம், அதைப் பரிசோதிக்கணும். ரோட்டைக் கடக்கிற இடம்தான் ரொம்ப ஆபத்து. ரயிலுக்கு கேட் போட்டாங்க, சைக்கிளுக்கு யார் போடுவா? நம்ம வெயிலுக்கு நிழல் இல்லாத தடத்துல மதியம் ஒருத்தரும் வர மாட்டாங்க. சாயங்காலம் ஆள் நடமாட்டம் இல்லைன்னா பெண்கள் வர மாட்டாங்க.

இப்போ சட்டம். என்னைப் பொறுத்தவரை இந்த எபிசோடோட மையம் இதுதான். அமெரிக்காவுல 1916 வாக்குல சுமார் 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது. அப்புறம் லாரியும் காரும் வந்து கம்பெனிகள் ஒண்ணொண்ணா பாதையைக் கைவிட ஆரம்பிச்சாங்க. விஸ்கான்சின்ல எல்ராய் – ஸ்பார்ட்டா பாதையை 1960-கள்ல நடைத்தடமா மாத்தினாங்க, இந்த மாதிரி தடங்களுக்கு அது முன்னோடி. ஆனா பல இடங்கள்ல ஒரு சிக்கல் வந்தது. ரயில்வே கிட்ட இருந்தது நிலத்துல ரயில் விடுற உரிமை மட்டும்தான். ரயில் நின்னா உரிமை போச்சு, நிலம் பக்கத்துத் தோட்டக்காரங்களுக்குத் திரும்பிப் போயிடும். நடுவுல 200 மீட்டர் போனா கூட மொத்தப் பாதையும் வீண்.

அதுக்கு 1983-ல ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தாங்க. 'ரயில் பேங்கிங்'னு பேரு. பாதையைக் கைவிட்டதா அறிவிக்காம, எதிர்காலத்துல ரயில் வரலாம்னு கணக்குல வச்சுக்கிட்டு, அதுவரைக்கும் நடக்கவும் சைக்கிளுக்கும் விடலாம். நம்ம ஐ.டி. ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, வெப்சைட்டை மூடிட்டாலும் டொமைன் பேரை வருஷா வருஷம் ரெனியூ பண்ணி வச்சுக்கிற மாதிரி. விட்டுட்டா வேற யாரோ எடுத்துப்பாங்க, அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது. நில உரிமையாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனாங்க. 1990-ல கோர்ட் சட்டம் செல்லும்னு சொல்லுச்சு, நிலத்தை இழந்தவங்க இழப்பீடு கேட்க வழியும் காட்டுச்சு. பேங்கிங்ல வச்ச சில பாதைகள்ல பிற்பாடு நிஜமாவே மறுபடி ரயில் ஓடியிருக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல "ரயில் பாதையை சைக்கிள் தடம் ஆக்கலாம்"னு வாயைத் திறந்தா முதல் எதிர்ப்பு ரயில் வேணும்னு போராடுறவங்ககிட்டேருந்துதான் வரும். அவங்க கோபம் நியாயமானது. மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதையை எடுத்துக்குங்க. 1926-ல வந்த மீட்டர் கேஜ் பாதை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியா கடற்கரை வரைக்கும் போனது. 1980-கள்ல நிறுத்தினாங்க. அந்த ஜனங்க இன்னும் ரயிலைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க போய், "ரயிலை மறந்துடுங்க, வாக்கிங் போங்க"ன்னு சொன்னா அடிக்க வருவாங்க. சொல்ல வேண்டியதே வேற: ரயில் வர்ற வரைக்கும் நிலம் உடையாம இருக்கணும், ஜனங்க தினமும் நடக்கிற இடத்தை ஆக்கிரமிக்கிறது கஷ்டம். யாரும் போகாத தடத்துல முதல் வருஷம் முள்வேலி வரும், ரெண்டாவது வருஷம் கொட்டகை வரும்.

அமெரிக்காவுல வந்த நிலச் சிக்கல் இங்க அவ்வளவு வராதுன்னு நான் நினைக்கிறேன். இங்க நிலத்தைப் பெரும்பாலும் சட்டப்படி கையகப்படுத்தித்தான் பாதை போட்டாங்க. அப்படிக் கையகப்படுத்தின நிலம் முழுசா அரசாங்கத்தோடது, ரயில் நின்னா பழைய சொந்தக்காரருக்குத் தானா திரும்பாது. தடை வேற இடத்துல இருக்கு. சும்மா இருக்கிற ரயில்வே நிலத்தை வணிக ரீதியா பயன்படுத்த 2006-லேருந்து தனி ஆணையமே இருக்கு. ஸ்டேஷன் பக்கத்து மனைன்னா அது சரியான வேலை. ஆனா மனைக்கு சதுர அடி விலை போடலாம். 30 கிலோமீட்டர் நீளமும் சில மீட்டர் அகலமும் இருக்கிற துண்டுக்கு எப்படிப் போடுவீங்க? அதோட மதிப்பே உடையாம இருக்கிறதுலதான் இருக்கு. உடைச்சு வித்தா ஒவ்வொரு துண்டும் வெறும் வேலிக்கால் நிலம்.

நம்ம பக்கம் வருவோம். கும்மிடிப்பூண்டி லைனை யாரும் கைவிடப் போறதில்லை, ரயில் பத்தலைன்னுதான் இங்க புகாரே. செங்குன்றம் பாதை போயே போச்சு. ஆனா ஷிப்ட் முடியிற நேரத்துல சிப்காட் வாசல்ல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், கன்டெய்னர் லாரிக்கும் ரோட்டோர மணலுக்கும் நடுவுல எத்தனை பேர் சைக்கிள்ல வீட்டுக்குப் போறாங்கன்னு. அவங்களுக்குத் தேவை லாரி வராத, மேடு பள்ளம் இல்லாத, அறாத ஒரு தடம். ரயில் தடத்தோட குணம் எல்லாம் இருக்கிற நிலம் நம்ம மாவட்டத்துல வேற உருவத்துல இருக்கு: கால்வாய்க் கரை.

கிருஷ்ணா தண்ணி வர்ற கண்டலேறு – பூண்டி கால்வாய் ஊத்துக்கோட்டை பக்கம் தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு பூண்டி வரைக்கும் சுமார் 25 கிலோமீட்டர் ஓடுது. தண்ணி தானா ஓடணும்னா சரிவு மிக மிகக் கம்மியா இருக்கணும், அதனால கரையும் ரயில் தடம் மாதிரியே சமமா இருக்கும். நிலம் அரசாங்கத்தோடது. ஆனா அது குடிநீர்க் கால்வாய், கண்ணை மூடிக்கிட்டுத் திறந்துவிடச் சொல்ல மாட்டேன். தண்ணிப் பக்கம் வேலி, பைக் நுழைய முடியாத தடுப்பு, குப்பைக்குப் பொறுப்பான ஒரு ஆள், இந்த மூணும் இல்லாம பேச்சே வேண்டாம். அப்புறம் அது சிப்காட் தொழிலாளிக்கு வழியும் இல்லை, ரொம்ப மேற்கே போகுது. ஞாயித்துக்கிழமை சைக்கிள்காரங்களுக்கும் கரையோர கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உதவலாம், அவ்வளவுதான். வேலைக்குப் போறவங்களுக்கு, புதுசா வர்ற தொழிற்பேட்டைகளோட வரைபடத்துலேயே ஸ்டேஷன்லேருந்து கேட் வரைக்கும் ஒரு துண்டை ஒதுக்கி வைக்கணும். நிலம் கைக்கு வர்ற அன்னிக்கு அதைச் செய்யறது சுலபம். கம்பெனிகளுக்கு மனை பிரிச்சுக் கொடுத்த பிறகு யார் கேட்டும் நடக்காது.

உங்க ஊர்ப் பக்கம் ரயில் நின்னுபோன பாதையோ, பழைய சைடிங்கோ, கால்வாய்க் கரையோ இருந்தா எழுதுங்க. ஊர் பேரோட, எங்க தொடங்கி எங்க அறுந்து நிக்குதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பழைய சர்வே மேப்பை எப்படிப் படிக்கிறதுன்னு பேசப்போறேன், நீங்க அனுப்புற இடங்களை வச்சே பார்க்கலாம்.