கார் கதவு ஏன் இறங்குகிறது?

கார் கதவு தேய்ந்திருப்பதைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். சாத்தும்போது 'டப்' என்று ஒரே சத்தம் வந்த இடத்தில் 'டக், டப்' என்று இரண்டாக வரும். சில மாதங்களில் ஒருமுறைக்கு இருமுறை சாத்த வேண்டியிருக்கும். பிறகு கைப்பிடியைப் பிடித்துச் சற்றே தூக்கிச் சாத்தினால்தான் பூட்டு விழும். மெக்கானிக்குகள் இதை 'டோர் இறங்கிடுச்சு' என்பார்கள். பலரும் பூட்டுக்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். அதில் சரியாகாவிட்டால், எதிரே தூணில் பூட்டு மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பார்கள். கதவு அன்றைக்கு அழகாகச் சாத்தும். ஆனால் தேய்மானம் அங்கே இல்லை. ஒரு மீட்டர் தள்ளி, கதவின் மறு ஓரத்தில் இருக்கும் ஹிஞ்சில் இருக்கிறது.

ஹிஞ்சின் ஒரு பாதி காரின் தூணிலும் மறுபாதி கதவிலும் பிடித்திருக்கும். இரண்டையும் கோத்து நிற்பது ஓர் எஃகு பின். பின்னுக்கும் அது நுழையும் துளைக்கும் நடுவே மோதிரம் போல ஒரு புஷ் இருக்கும். பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்த அது, பின்னைவிட மிருதுவானது. தேய வேண்டியிருந்தால் விலை குறைந்த அது தேயட்டும் என்பதே ஏற்பாடு. தூளாக்கிய வெண்கலத்தை அழுத்திச் சுட்டுச் செய்யும் புஷ்களில், கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள். அவற்றுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். புதிய கார்கள் பலவற்றில் டெஃப்லான் பூச்சுள்ள புஷ் வருகிறது. அதற்கு எண்ணெயே வேண்டாம்.

இந்தச் சின்ன மோதிரம் தாங்கும் சுமை கொஞ்சமல்ல. ஒரு கதவின் எடை 25 கிலோ, அகலம் ஒரு மீட்டர், மேல் ஹிஞ்சுக்கும் கீழ் ஹிஞ்சுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. கதவின் எடை நடுவில், அதாவது 50 சென்டிமீட்டர் தள்ளி, கீழ்நோக்கி இழுக்கிறது. அதனால் மேல் ஹிஞ்ச் தூணிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. கீழ் ஹிஞ்ச் தூணை அழுத்துகிறது. ஒவ்வொன்றின் மீதும் விழும் பக்கவாட்டு விசை 25 × 50 ÷ 40, சுமார் 31 கிலோ. கதவு சும்மா திறந்து நிற்கும்போதே இவ்வளவு. வயதான ஒருவர் இறங்கும்போது கதவின் ஓரத்தைப் பிடித்து, 30 கிலோ அளவுக்குத் தன் பாரத்தை அதில் போட்டு எழுந்தால், மேலும் 75 கிலோ சேர்கிறது. பென்சில் பருமனே உள்ள பின் 100 கிலோவுக்கு மேல் தாங்குகிறது.

திருவண்ணாமலை போன்ற பழைய கோயில் நகரங்களில் இதற்கு நேரெதிரான அமைப்பைப் பார்க்கலாம். கோபுர வாசல்களின் பெரிய மரக்கதவு தொங்குவதில்லை, நிற்கிறது. கதவின் ஒரு பக்க மேல்முனையிலும் கீழ்முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமியில் கீழ்க்குடுமி கல்லில் தோண்டிய குழியில் சுழல்கிறது. முழு எடையும் நேராகத் தரைக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு குடுமிகளுக்கும் இடையே கதவின் முழு உயரமும் இருப்பதால் மேல்குடுமிக்கு வரும் பக்கவாட்டு இழுப்பும் குறைவு. அகலத்தைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள கதவில் அந்த இழுப்பு எடையில் ஆறில் ஒரு பங்குதான். கார் கதவிலோ எடையைவிட அதிகம். காருக்கு வேறு வழியும் இல்லை. தூணில் இடம் கொஞ்சம், கதவு அகலம், கீழே தாங்குவதற்குத் தரை கிடையாது.

திருவண்ணாமலையில் ஓடும் வாடகைக் கார்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கூடுதல். பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கூட்டம் நடந்து கடக்கிறது. மற்ற நாட்களில், நடக்க முடியாதவர்கள் காரிலோ ஆட்டோவிலோ மலையைச் சுற்றுவார்கள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடம். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, கும்பிட்டு, மறுபடி ஏற வேண்டும். ஒரு சுற்றில் ஒரே கதவு 16 முறை திறந்து மூடும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் காரில் ஓட்டுநர் கதவுக்கு நாளொன்றுக்கு நாலு முறைதான் வேலை. ஏறி இறங்குவோரில் பாதிப்பேர் கதவைப் பிடித்துக்கொண்டு எழும் வயதினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊரில் இடப்பக்கப் பின்கதவு முதலில் இறங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தேய்மானத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1953-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜே.எஃப். ஆர்ச்சர்ட் வெளியிட்ட விதிப்படி, உராய்வில் இழக்கும் பொருளின் அளவு, அழுத்தும் விசையையும் உரசிச் செல்லும் தூரத்தையும் பொறுத்துக் கூடும். பொருளின் கடினத்தன்மையைப் பொறுத்துக் குறையும். விசை மூன்று மடங்கானால் தேய்மானமும் மூன்று மடங்கு. இது சுத்தமான பரப்புகளுக்கு. தூசி புகுந்தால் நிலைமை வேறு. கருங்கல் பிரதேசத்துப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் நிறைய. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, பித்தளைக்கு 3, சாதாரண எஃகுக்கு 4 முதல் 5. கொஞ்சம் துகள்கள் என்றால் மிருதுவான புஷ் அவற்றைத் தனக்குள் புதைத்துக்கொண்டு பின்னைக் காப்பாற்றும். அளவு மீறினால் அந்தப் புஷ்ஷே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு பின்னும் தேயும். கிரீச்சென்று சத்தம் வரும் ஹிஞ்சுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கேதான் வம்பாகிறது: சத்தம் அன்றே நிற்கும், ஆனால் ஈரப்பசை காயாத எண்ணெய் புழுதியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். துருவை இளக்கும் ஸ்பிரேக்களும் அழுக்கைக் கழுவத்தான் ஏற்றவை, நாள்பட்ட மசகுக்கு அல்ல. அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவி, கதவைப் பத்துப் பதினைந்து முறை ஆட்டி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுவதே முறை.

கதவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து ஓரத்தின் அடியில் கைவைத்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பார்வை ஹிஞ்ச் மேல் இருக்கட்டும். பின் துளைக்குள் 'லொடக்' என்று ஆடினால் புஷ் போய்விட்டது. தகடும் தூணும் சேரும் இடத்தில் அசைவு தெரிந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, முறுக்கினாலே போதும். ஆட்டமே இல்லை, ஆனாலும் கதவு தாழ்ந்திருக்கிறது என்றால், எங்கோ இடிபட்டுத் தகடு வளைந்திருக்கும். புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் பெரிதாகத் தோன்றாது. மேலும் கீழும் இரண்டு ஹிஞ்சிலும் அரை அரை மில்லிமீட்டர் என்றால், ஒரு மீட்டர் தள்ளிப் பூட்டுப் பக்கத்தில் கதவு இரண்டரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஸ்ட்ரைக்கரில் பூட்டு உரசிப் பளபளவென்று கீறல் விழுவதற்கு இது தாராளம். இந்த நிலையில் ஸ்ட்ரைக்கரை இறக்கி வைத்தால் நோயின் அடையாளம் மறையும், தேய்மானம் தொடரும்.

சரிசெய்வது ஹிஞ்சின் வகையைப் பொறுத்தது. பின்னைத் தனியாகக் கழற்ற முடிந்தால் வேலை மலிவாக முடியும். இன்றைய கார்கள் பலவற்றில் பின்னை அடித்து முடுக்கியிருப்பார்கள். அவற்றில் ஹிஞ்சையே மாற்ற வேண்டும். எதுவானாலும் முதல் வேலை கதவுக்கு முட்டுக் கொடுப்பது. ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் மடித்த சாக்கு, அதன் மேல் கதவின் அடிப்பகுதி உட்கார வேண்டும். ஹிஞ்சின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது பழைய இடம் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு ஹிஞ்சை மட்டுமே கழற்றலாம். இரண்டையும் கழற்றினால் கதவை மறுபடி இடம்பார்த்து உட்கார வைக்க இரண்டு ஆள் தேவைப்படும். கதவுக்குள் போகும் ஒயரும் இழுபடும்.

கடையில் புஷ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து தருவார்கள். புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பெரிதாக இருந்தால்தான் அது இறுகப் பிடிக்கும். சுத்தியலால் அடித்தால் வாய் மடங்கும். வைஸில் வைத்து மெல்ல முறுக்கி ஏற்ற வேண்டும். அப்படி ஏறியபின் உள்துளை சற்றே சுருங்கியிருக்கும். ரீமர் விட்டு, பின் கையால் தள்ளினால் நுழைந்து, நுழைந்தபின் ஆடாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னும் தேய்ந்திருந்தால் புதுப் புஷ் பயன்படாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பழைய ஹிஞ்ச் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற வண்டிகளுக்கு அதுவே வழி. அங்கே வாங்கும்போது இரு பாதிகளையும் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பின்னுக்குப் பதில் கைக்குக் கிடைத்த போல்ட்டையோ ஆணியையோ கோப்பது மட்டும் கூடவே கூடாது. போல்ட்டின் மரை, அரம் போலப் புஷ்ஷை அறுக்கும். அதைவிட முக்கியமானது, விபத்தில் கதவு பிய்த்துக்கொண்டு திறக்காமல் காப்பவை பூட்டும் ஹிஞ்சும்தான். ஐ.நா.வின் 11-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, ஒரு கதவின் ஹிஞ்ச் அமைப்பு நீளவாக்கில் 11,000 நியூட்டன், அதாவது சுமார் 1,100 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. ஹிஞ்ச் பிடிக்கும் தூணிலேயே விரிசலோ துருவோ தெரிந்தால் அது வீட்டு வேலை அல்ல, டிங்கரிங் பட்டறை வேலை.

கதவின் மற்ற உறுப்புகள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. திறந்த கதவைப் பாதியில் நிறுத்தும் ஸ்டாப்பரின் உள்ளே இருக்கும் ரப்பரோ உருளையோ தேய்ந்தால், சரிவான இடத்தில் கதவு தானாக வந்து காலில் இடிக்கும். ஓரிரு போல்ட்டைக் கழற்றி முழுதாக மாற்றிவிடலாம். அதற்குக் கதவின் உள்மூடியைக் கழற்ற வேண்டியிருந்தால், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். பலர் அதை வேண்டாத உறை என்று பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

அந்த நீர் வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். புழுதி அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது காலம் கடந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் கார்த்திகை தீபக் கூட்டமும் ஒன்றாக வரும் ஊரில், ஐப்பசிக்கு முன்பே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைக் குத்திவிடலாம். கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஆகவே கிரீஸ், மண்ணெண்ணெய் இரண்டும் அதன்மேல் படக்கூடாது. சோப்புத் தண்ணீரில் துடைத்துச் சிலிக்கான் தடவினால் போதும்.

1984 முதல் 2019 வரை வந்த மாருதி ஆம்னியின் பக்கக் கதவுக்கு ஹிஞ்சே இல்லை. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் உருளைகள் தண்டவாளத்தில் ஓடுகின்றன. கதவு பாதியில் சிக்கினால் தள்ளிப் பலன் இல்லை. தண்டவாளத்து மண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவான உருளையைத் தேடி அதை மட்டும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதனை இரண்டு. கதவைச் சாத்தினால் சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு தாள் துண்டைப் பீடிங்கில் வைத்துச் சாத்தி இழுத்தால், கதவைச் சுற்றி எங்கே இழுத்தாலும் அது ஒரே இறுக்கத்தோடு வர வேண்டும். இவை இரண்டும் சரியாக அமைந்தபின்தான், தேவைப்பட்டால், ஸ்ட்ரைக்கரில் கைவைக்க வேண்டும்.