மென்தாளும் வண்ணமும்

தாளின்மேல் வண்ணந் தீட்டுதல் யாவரும் அறிந்த முறை. வண்ணத்தாளையே அடுக்கடுக்காக ஒட்டிச் சித்திரஞ் சமைத்தல் பிறிதொரு முறையாகும். இம்முறையாற் குழந்தைகளின் உள்ளங் கவர்ந்தவர் அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் (1929–2021). பெரும்பசி கொண்ட கம்பளிப்புழுவைப் பற்றி 1969இல் வெளிவந்த படநூலே அவர் புகழை நிலைநாட்டியது.

அவர் கையாண்டது ரிசு எனப்படும் மென்தாள். ஒளியை ஊடுருவவிடும் இயல்பு அதற்குண்டு. பசை தோய்ந்தவிடத்து அவ்வியல்பு மிகும். ஆதலின் மஞ்சள் தாளின்மீது நீலத்தாள் படியுமிடத்துப் பச்சை தானே தோன்றும். நீலத்தின்மேல் நீலம் படிய, நிழல் பிறக்கும். தூரிகை ஒன்றினாற் பெறுதற்கரிய மென்மை இது.

ஆயின், இதிலோர் இடருண்டு. கடையில் வாங்கும் வண்ண மென்தாளின் சாயம் ஈரத்திற் கசியும், வெளிச்சத்தில் வெளிறும். முயன்று செய்த ஓவியம் சில ஆண்டுகளிலேயே மங்கிப்போம். பாடசாலைச் சுவர்களில் இதனைக் காணாதார் யார்? கார்லும் தொடக்கத்தில் அத்தகைய தாளையே பயன்படுத்தினார். பின்னர் வெள்ளை மென்தாளில் அக்கிரிலிக் வண்ணத்தைத் தாமே பூசலானார். தூரிகையோடு கடற்பஞ்சு, கம்பளத்துண்டு, விரல்கள் ஆகியனவும் அவருக்குக் கருவிகளாயின. உலர்ந்த தாள்களை நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கிவைத்து, வேண்டியபோது வெட்டி அட்டையில் ஒட்டினார். கண், மயிர் முதலிய நுண்கூறுகளை மட்டும் இறுதியில் மெழுகு வண்ணக்கோலால் வரைந்தார்.