66 மணி நேரத்தில் மிஞ்சுவது 13

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் புறநகர் மின்ரயில் தடத்தில் சுமார் 47 கி.மீ. பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். போக வர 3 மணி. மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 66 மணி நேரம். 8 மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 8¼ நாள். சென்ட்ரலில் இறங்கி, தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் உள்ள பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்ச் சேரும் நேரம் இதில் சேரவில்லை. இந்தத் தடத்தில் போய்வரும் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்தால் முதலில் கைக்கு வருவது இந்த 66 மணி நேரம்தான்.

அது கையில் தங்குகிறதா? ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுடைய பதிவுகளை, 2019 ஏப்ரல் முதல் 2020 ஆகஸ்ட் வரை, கிப்ஸ், மெங்கல், சீம்ராத் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2021-இல் வந்த ஆய்வின் முதல் வடிவத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்கு மாறியபின் வேலை நேரம் சுமார் 30% கூடியது. செய்து முடித்த வேலையின் அளவு கூடவில்லை. மணிக்கணக்கில் உற்பத்தித்திறன் சுமார் 20% குறைந்தது. 2023-இல் இதழில் வெளியான இறுதி வடிவம் இந்த வீழ்ச்சியை 8 முதல் 19% என்கிறது. முதல் வடிவத்தின் 30 சதவீதத்தை நம் கணக்கில் பொருத்தினால், மாதம் 176 மணி நேர வேலைக்குக் கூடுதல் 52.8 மணி நேரம். 66-இல் மிஞ்சுவது 13.2, நாளொன்றுக்கு 36 நிமிடம். ஆய்வில் வீட்டிலிருந்து வேலை நடந்த மாதங்கள் ஊரடங்குக் காலம், பள்ளிகள் மூடியிருந்த காலம். ஆகவே 52.8 என்பதை இயல்பான மாதங்களுக்கும் அப்படியே நீட்டக்கூடாது. ஆனால் கூடிய நேரம் எங்கே போனது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது: கூட்டங்களும் ஒருங்கிணைப்பு வேலைகளும் பெருகின, இடையூறில்லாமல் உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் சுருங்கியது, மேலாளருடன் தனியாகப் பேசும் நேரமும் குறைந்தது.

10 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் 30 நிமிட இணையவழிக் கூட்டம். ஆள்-மணிக் கணக்கில் நாளுக்கு 5; மாதத்துக்கு 110. அதாவது ஒருவரின் 13¾ வேலைநாள். அதே தகவலை ஒவ்வொருவரும் 5 நிமிடத்தில் எழுதி, மற்றவர்கள் எழுதியதை 10 நிமிடத்தில் படித்தால் நாளுக்கு 2.5 ஆள்-மணி, மாதத்துக்கு 55. மிச்சம் பாதி. தலைக்கு 5.5 மணி நேரம்தான், கூடிப்போன 52.8-இல் சுமார் 10%. ஒரு கூட்டத்தைக் குறைத்ததற்கு இது சிறிய தொகையல்ல. ஆனால் மீதி 90% வேறு கூட்டங்களிலும் விட்டுவிட்டு நடக்கும் வேலையிலும் இருக்கிறது.

எழுதிக் கைமாற்றும் இந்த முறையைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் நாளுக்கு 3 கைமாற்றம், 30 நாளுக்கு 90. ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டைச் சந்திப்பது சில நிமிடங்களே. மெஷின் எண், நின்ற நிமிடம், காரணம், மாற்றிய உதிரிபாகம், அடுத்து வருபவர் கவனிக்க வேண்டியது, கையொப்பம் எனப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரியில் காரணம் விடுபட்டால் அடுத்த 8 மணி நேரம் அதைத் தேடுவதிலேயே போகலாம். தொலைவிலிருந்து இயங்கும் குழுக்கள் பலவற்றில் இந்த ஒரு வரி இல்லாததைத்தான் கூட்டங்கள் ஈடுகட்டுகின்றன என்று கருதுகிறேன்.

எழுத்தால் எல்லாமும் தீராது என்பதற்கு சென்னையில் நடந்த ஓர் ஆய்வு சான்று. தரவுப் பதிவு வேலைக்குச் சேர்ந்தவர்களை வீடு, அலுவலகம் எனக் குலுக்கல் முறையில் பிரித்து அட்கின், ஷோர், ஷிண்டே ஆகியோர் அளந்து, 2023-இல் வெளியிட்டார்கள். வீட்டில் வேலை செய்தவர்களின் உற்பத்தித்திறன் 18% குறைவு. இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 12 புள்ளிகள், முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி 6 புள்ளிகள், அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விரைவாகக் கற்றுக்கொண்டதால் வந்தவை. புதியவர்களை முதல் சில வாரங்கள் நேரில் உட்கார வைத்தால் மீட்க வாய்ப்புள்ளது இந்த 6-ஐத்தான்.

அதே ஆய்வில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொரு எண். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்கள் தொடக்கச் சோதனையில் 12% வேகமானவர்கள். ஆனால் வீட்டில் அவர்களுடைய திறன் 27% குறைந்தது. அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13% மட்டுமே. தோராயமாக, 112 என்பது 82 ஆகிறது. 100 என்பது 87 ஆகிறது. குழந்தைகளையோ வீட்டில் பிறரையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் ஏழைக் குடும்பத்தினரும் இந்த இழப்புக்குள் இருக்கிறார்கள். திறமை குறைவு என்று இவர்களை எடைபோடும் மேலாளர் 112-ஐப் பார்க்கவே இல்லை.

2020 மார்ச் இறுதியில் சுமார் 4.48 லட்சம் ஊழியர்களைக் கொண்டிருந்த டி.சி.எஸ்., 2025-க்குள் 25% பேர் அலுவலகம் வந்தால் போதும் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் 5 நாளும் வரச் சொன்னது. 25-க்கும் 100-க்கும் நடுவில் 60%, அதாவது வாரம் 3 நாள் அலுவலகம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் 6 மாதம் நடந்த சோதனை 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வாரம் 2 நாள் வீட்டிலிருந்தவர்களில் வேலையை விட்டுப்போவோர் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணித் திறன் மதிப்பீடு குறையவில்லை. கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இந்த 2 நாள் மாதம் 26.4 மணி நேரப் பயணத்தை மிச்சப்படுத்தும்.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு கட்டடம் இருக்கிறது. 2024 நவம்பரில் திறக்கப்பட்ட பட்டாபிராம் டைடல் பூங்கா: 21 தளம், 5.57 லட்சம் சதுர அடி, ரூ.330 கோடி. ஆளுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 5,570 இருக்கை, இருக்கைக்கு ரூ.5.92 லட்சம். எல்லோரும் வாரம் 3 நாள் மட்டும், நாள் மாற்றி வந்தால் அதே கட்டடம் சுமார் 9,280 பேரைத் தாங்கும், ஆளுக்கு ரூ.3.55 லட்சம். எல்லோரும் ஒரே 3 நாளில் வந்தால் மறுபடி 5,570 பேருக்குத்தான் இடம்.

நாளை மாற்றிப் போடும்போது குழு பிரியக்கூடாது; ஒரே குழுவினர் ஒரே 3 நாள் வரவேண்டும். குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலான உறவு தனிக் கணக்கு. 61,182 மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் 2020-ஆம் ஆண்டு முதல் 6 மாதப் பதிவுகளில், வீட்டிலிருந்து வேலைக்கு மாறியபின் வேறு குழுவினரோடு சேர்ந்து செலவிட்ட நேரத்தின் பங்கு சுமார் 25% சரிந்திருந்தது. 5 நாள் வாரத்தில் 3 நாள் வரும் இரு குழுக்கள், நாட்களை எப்படி அடுக்கினாலும், குறைந்தது 1 நாள் ஒரே கட்டடத்தில் இருக்கும். 2 நாள் மட்டுமே வந்தால் அந்த 1 நாளுக்கும் உறுதியில்லை.