கப்பல் வழிக் கம்பத்தில் விரால் அடிப்பான்

குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் கழிமுகங்களுக்கும் வந்துபோகும் விரால் அடிப்பான் இனம், அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே அது விரும்பிப் பிடிக்கும் இடம், பால்டிமோர், நார்ஃபோக் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு வழி காட்ட நீருக்குள் நட்ட கம்பம். நிழலும் கிடையாது, காற்றுக்குத் தடுப்பும் கிடையாது. ஆனால் முட்டை திருடும் ரக்கூனுக்கு அந்தக் கம்பம் எளிதில் எட்டாது, மீனோ காலடியில். 1973-ல் எண்ணியபோது விரிகுடாவில் ஏறத்தாழ 1,450 ஜோடிகள் இருந்தன, மூன்றிலொரு பங்குக் கூடுகள் மரத்தில். 1990-களின் நடுவில் ஜோடிகள் 3,500-ஐ நெருங்கின. கூடுகளில் பாதிக்கு மேல் கப்பல் வழிக் கம்பங்களில்தான்.

புயல் வந்தால் சுள்ளிக்கூடு சரிந்து குஞ்சுகள் நீரில் விழாதா? விழும். தாய் சிறகை விரித்து மழையை மறைத்தாலும் பெருங்காற்றில் சில கூடுகள் போகத்தான் போகும். காற்றைவிடப் பொல்லாதது அதற்குப் பின் வரும் கலங்கல்: அலையும் சேறுமான நீரில் மேலிருந்து மீன் தெரியாது, ஆண் வெறுங்காலோடு திரும்பும். ஆனாலும் பருவத் தொடக்கத்தில் முட்டை போனால் மறுபடி இடும். பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடிய பறவைக்கு ஓராண்டு இழப்பு வம்ச நாசமல்ல. டிடிடி பூச்சிக்கொல்லி செய்த வேலை வேறு. முட்டையோட்டை மெலியவைத்து, அடைகாக்கும் தாயின் எடைக்கே உடையச் செய்த அந்த நஞ்சு ஆண்டுதோறும் கூட்டுக்குள் வந்தது. 1972-ல் அமெரிக்காவில் அது தடைசெய்யப்பட்ட பிறகே எண்ணிக்கை ஏறியது. புயல்கள் அப்போதும் ஓயவில்லை. எனவே புயலைவிட, ஓயாமல் வரும் தீங்கையே அஞ்ச வேண்டும் என்பேன்.

அப்படியானால் துறைமுகம்தானே தீங்கு என்று கேட்கலாம். கம்பம் தீங்கல்ல, குப்பைதான் தீங்கு. கூட்டுக்கு மெத்தையாகப் பறவை தூக்கிவரும் தூண்டில் நரம்பும் பிளாஸ்டிக் கயிறும் குஞ்சின் காலில் சுருக்காக விழுகின்றன. கூடு கம்பத்தின் வழிகாட்டி விளக்கை மறைக்கிறது என்ற குறை நியாயமானது. ஆனால் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றிக் கலைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. இலையுதிர் காலத்தில் பறவைகள் தெற்கே போனதும் அகற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு பலகை மேடை அமைத்துக் கொடுக்கலாம். இடம் கொடுத்தால் போதுமா என்பதுதான் அடுத்த சிக்கல். விரிகுடாவின் தென்பகுதியில், மாப்ஜாக்கில், அண்மை ஆண்டுகளில் கூட்டில் பொரிந்த குஞ்சுகள் பட்டினியால் செத்தன. அவற்றின் முக்கிய இரையான மென்ஹேடன் மீன் அங்கே குறைந்ததற்குப் பெருவலை மீன்பிடிப்பு எவ்வளவு காரணம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.